புது மடிக்கணினிக்குத் தொந்தரவு தராத இயங்குதளம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய இயங்குதளத்தின் அழகு இரண்டு வாரத்தில் பழகிவிடும். பராமரிப்புதான் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும். அதனால் நான் முதலில் பார்ப்பது, அதற்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதை.

படி 1: கைவிட முடியாத மென்பொருள்கள்

டேலி, போட்டோஷாப் போன்றவற்றை நம்பித்தான் உங்கள் பிழைப்பு என்றால் விண்டோஸ் 11-லேயே இருங்கள். மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். இணையம், மின்னஞ்சல், கடிதம், வீடியோ இவ்வளவுதான் என்றால் இலவச இயங்குதளமான லினக்ஸ் தாராளமாகப் போதும். கடைகளில் 'டாஸ்' என்று எழுதி, விண்டோஸ் இல்லாமல் விற்கும் மடிக்கணினியை வாங்கியவர்களுக்கும் இதுவே வழி.

படி 2: ஆயுள்

லினக்ஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஃபெடோரா நல்ல இயங்குதளம்தான். ஆனால் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதங்களே ஆதரவு. ஆர்ச் லினக்ஸில் புதுப்பிப்புகள் ஓயாமல் வரும். அதைப் பராமரிப்பதே ஒரு பொழுதுபோக்கு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது, ஐந்து ஆண்டு ஆதரவுடன். 24.04 பதிப்புக்கு 2029 வரை. அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22-க்கும் அதே 2029. விண்டோஸில் பழகிய கைக்கு விண்டோஸ் போன்ற திரையமைப்பு கொண்ட, மின்ட்டின் சின்னமன் பதிப்பையே சொல்வேன்.

படி 3: நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

பலர் தாண்டிவிடும் படி இது. பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இங்கேயே தெரிந்துவிடும். இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) பதிவிறக்கி, விண்டோஸ் கணினி ஒன்றில் ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் உள்ளவை அழிந்துவிடும். கணினியை அணைத்து, இயக்கும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்து (பல நிறுவனங்களில் எஃப்12, எச்பியில் எஃப்9), பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

திரை வந்ததும் வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், ப்ளூடூத் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். மூடியை மூடி, சற்றுப் பொறுத்துத் திறங்கள். உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா? மிகப் புதிய வன்பொருளில் வைஃபை கிடைக்காமல் போவதுண்டு. பெரும்பாலும் கெர்னல் (வன்பொருளை இயக்கும், இயங்குதளத்தின் மையப்பகுதி) பழையது என்பதே காரணம். அப்போது அதே எல்டிஎஸ் பதிப்பின் பிந்தைய வெளியீட்டை எடுங்கள்: உபுண்டுவில் 24.04.2 முதல் புதிய கெர்னலுடன் வருகிறது.

படி 4: நிறுவுதல்

விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை முதலில் வேறிடத்தில் சேமியுங்கள். மற்றபடி நிறுவல் மென்பொருள் கேட்கும் கேள்விகள் எளியவை.

படி 5: ஒருமுறை அமைத்துவிடுங்கள்

மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். உபுண்டு, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்ளும். பிறகு டைம்ஷிஃப்ட் என்ற காப்பு மென்பொருளில் வாரம் ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். ஏதேனும் புதுப்பிப்பு கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கும். உங்கள் புகைப்படங்களுக்கு வெளி வட்டு ஒன்று தனியாக வேண்டும்.