தோள் உச்சி மூட்டு விலகினால் செய்ய வேண்டியவை

வியாசர்பாடி மைதானத்தில் பந்தோடு விழுந்தவரையோ, காசிமேட்டின் ஈரத்தரையில் மீன் பெட்டியோடு வழுக்கியவரையோ தூக்கி உட்கார வைத்ததும், அக்கறையுள்ள யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். அதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

‘தோள்பட்டை இறங்கிவிட்டது’ என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு காயங்கள் அடங்கியுள்ளன. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை குழியை விட்டு நழுவினால், தோளின் வளைவு தட்டையாகிவிடும். கையை அசைக்கவே இயலாது. இங்கே பேசுவது மற்றொன்றை: காறை எலும்பின் (காலர் எலும்பு) வெளிமுனை தோள்பட்டை எலும்பின் உச்சியோடு சேரும் சிறிய மூட்டு விலகுவதை. கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது தோள்முனை நேராகத் தரையில் மோதினால், அங்குள்ள இணைப்பு நார்கள் கிழிந்து, கையின் பாரத்தால் தோள் கீழே தொங்க, காறை எலும்பின் முனை படிபோலப் புடைத்துத் தெரியும். பெரும்பாலும் எலும்பு ஏறுவதில்லை, தோள்தான் இறங்குகிறது. ஆகவே அந்தப் புடைப்பை அழுத்தி உள்ளே தள்ள முயல்வது வலியைத்தான் கூட்டும்.

முழங்கையை மடக்கி, அதன் பாரம் முழுவதையும் தாங்கும்படி ஒரு துண்டையோ துப்பட்டாவையோ கழுத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். மீன் பெட்டி ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அதை நேராகத் தோல்மீது வைக்கலாகாது. விரல்கள் மரத்தாலோ குளிர்ந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, எலும்பு தோலைக் கிழித்திருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மற்றவர்களும் அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற எலும்பு சிகிச்சைப் பிரிவுள்ள இடத்துக்குச் சென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு இறுக்கிக் கட்டுவது வீக்கத்தை அதிகமாக்கும்.

இக்காயத்தை மருத்துவர்கள் ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் ஸ்லிங் (கையைத் தாங்கும் தொங்கு கட்டு), ஓய்வு, பிசியோதெரபி ஆகியவற்றால் ஆறிவிடும். நான்கு முதல் ஆறு வரையிலானவற்றுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படும். மூன்றாம் வகையில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், பலர் அறுவையின்றியே நலமடைகிறார்கள். புடைப்பு நிலைத்துவிட்டாலும் கை நன்றாக இயங்கக்கூடும் என்பதால், அதைக் கண்டு சிகிச்சை தோற்றதாக எண்ண வேண்டாம்.

ஸ்லிங்கில் இருக்கும்போதே விரல்களையும் மணிக்கட்டையும் அசைத்து வாருங்கள். தோளில் மூட்டை சுமப்பவரும் தலைக்கு மேல் கை உயர்த்தி வேலை செய்பவரும் தம் தொழிலை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகையில் அறுவை வேண்டுமா என்பதையும், எப்போது மீண்டும் பாரம் தூக்கலாம் என்பதையும் அதையும் கருத்தில் கொண்டே அவர் முடிவு செய்வார்.