பழைய ஹாலிவுட் மியூசிக்கல் பாக்கப் போறீங்களா? கால விட்டுடாதீங்க

பழைய ஹாலிவுட் மியூசிக்கல்னாலே கொட்டாவி விடற ஆளா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன், ரெண்டு தடவ ஆரம்பிச்சு இருபதாவது நிமிஷத்துல தூங்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது நான் மூஞ்சியவே பாத்துட்டு இருந்திருக்கேன்னு, இந்தப் படங்கள்ல பாக்க வேண்டியது டான்ஸ் ஆடற கால.

ஆரம்பிக்கறதுக்கு 'சிங்கின் இன் த ரெயின்' எடுங்க. 1952ல எம்ஜிஎம் ஸ்டுடியோ ரிலீஸ் பண்ணது, 103 நிமிஷம்தான். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து டைரக்ட் பண்ணது, கெல்லியேதான் ஹீரோ.

படத்த போடறதுக்கு முன்னாடி டிவி செட்டிங்க்ஸுக்கு போங்க. இது கிட்டத்தட்ட சதுரமா எடுத்த படம், ரெண்டு பக்கமும் கறுப்பு பட்டை வரத்தான் செய்யும். அது பிடிக்காம ஸ்ட்ரெச் பண்ணா எல்லாரும் குண்டாயிடுவாங்க, ஜூம் பண்ணா அதவிட மோசம், கரெக்டா கால் வெட்டுப்பட்டுப் போயிடும், அப்புறம் எதுக்கு பாக்கறீங்க? மோஷன் ஸ்மூத்திங்கையும் (அசைவ வழவழன்னு காட்ட டிவியே நடுவுல ஃப்ரேம் சேர்க்கற செட்டிங்) ஆஃப் பண்ணிடுங்க.

கதை நடக்கறது 1927ல, பேசும் படம் வந்து மௌனப் பட ஆளுங்களுக்கு கிலி பிடிச்ச நேரம். இது மட்டும் தெரிஞ்சா போதும், காமெடி புரிஞ்சிடும். மைக்க செடிக்குள்ள ஒளிச்சு வைக்கற சீன்ல கதைல வர்ற மௌனப் பட ஸ்டார் ஹீரோயின் தலைய திருப்பினா சத்தம் காணாமப் போகும் பாருங்க, அங்க நான் இன்னும் விழுந்து விழுந்து சிரிக்கறேன்.

இப்ப டான்ஸுக்கு வருவோம். ஒவ்வொரு டான்ஸையும் ரெண்டு தடவ பாருங்க. முதல் தடவ சும்மா ரசிங்க, ரெண்டாவது தடவ எந்த இடத்துல கட் வருதுன்னு மட்டும் எண்ணுங்க. இப்ப வர்ற பாட்டுல ரெண்டு செகண்டுக்கு ஒரு கட் இருக்கும், ஸ்டெப் தப்பினாலும் எடிட்டிங்ல மறைச்சிடலாம். இங்க தலைல இருந்து கால் வரைக்கும் ஃப்ரேமுக்குள்ள இருக்கும், ஷாட் நீளமா போயிட்டே இருக்கும், தப்பினா மறைக்க இடமே இல்ல. ஹீரோவோட நண்பனா வர்ற டொனால்ட் ஓ'கானர் சுவத்துல ஓடி ஏறி குட்டிக்கரணம் அடிக்கற இடத்த திரும்பத் திரும்ப போட்டு பாருங்க. 'குட் மார்னிங்' பாட்டுல கெல்லிக்கு ஜோடியா வர்ற டெபி ரெனால்ட்ஸ கவனிங்க, அப்ப பத்தொன்பது இருபது வயசுதான், முறையா டான்ஸ் கத்துக்கிட்டு வந்த பொண்ணும் இல்ல, ஆனா ரெண்டு கில்லாடிங்களுக்கு நடுவுல ஈடு கொடுத்து ஆடுது. (டாப் ஷூ, அதாவது அடில உலோகத் தகடு வச்ச டான்ஸ் ஷூ, அதோட சத்தத்த மட்டும் பெரும்பாலும் பின்னாடி தனியா ரெக்கார்ட் பண்ணி சேர்ப்பாங்க, அதனால காத விட கண்ண நம்புங்க.)

இன்னொரு கூத்து. கதைல அந்த ஸ்டார் ஹீரோயினோட குரல் சகிக்காதுன்னு அவங்களுக்கு டெபிதான் பின்னணி கொடுப்பாங்க, அதுல 'வுட் யூ' பாட்டுக்கு டெபிக்கே பெட்டி நோய்ஸ்னு ஒருத்தங்கதான் பின்னணி பாடினாங்க. பின்னணிக்கே பின்னணி! படத்த ஒரு தடவ முடிச்சிட்டு இத மனசுல வச்சு திரும்ப பாருங்க.

கடைசில ஒரு பெரிய பிராட்வே (நியூயார்க்ல மேடை நாடகங்களுக்குப் பேர் போன இடம்) டான்ஸ் வரும், பத்து நிமிஷத்துக்கு மேல ஓடும், கதைக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. எனக்கே கொஞ்சம் இழுவைதான். ஆனா பச்சை டிரஸ்ல டான்ஸர் சிட் சாரிஸ் காலாலயே தொப்பிய நீட்டி அறிமுகமாகற வரைக்குமாவது பொறுமையா இருங்க, அதுக்கப்புறம் ரிமோட்ட எடுக்க தோணாது.

இது பிடிச்சிருந்தா அடுத்து இன்னொரு டான்ஸ் ஹீரோ ஃப்ரெட் அஸ்டேர் பக்கம் போங்க, 1935ல வந்த 'டாப் ஹாட்'. கெல்லி ஆடும்போது உடம்பு பலம் தெரியும், அஸ்டேர் ஆடும்போது ஏதோ ரோட்ல நடந்து போற மாதிரி இருக்கும், எத்தன நாள் ரிகர்சல் பண்ணியிருப்பாருன்னு கண்டே பிடிக்க முடியாது.