ட்ரிப் மீட்டரும் மைலேஜ் கணக்கும்: எங்கே தவறுகிறோம்?

கடலூர்க்காரர்களுக்குப் பெட்ரோல் போட எல்லை தாண்டுவது பழகிப்போன விஷயம். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்கு வந்துவிட்டால் புதுச்சேரி. அங்கே வரி குறைவு, அதனால் லிட்டர் விலையும் குறைவு. விலையில் இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று யாராவது கேட்டால் மட்டும் "அம்பது குடுக்கும்ங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறோம். சரியான எண்ணைக் கண்டுபிடிக்கத் தேவையான ட்ரிப் மீட்டர், அதாவது நாமே ஜீரோ ஆக்கி அதிலிருந்து ஓடிய தூரத்தைப் பார்க்கும் மீட்டர், கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது.

முதல் தவறு, 200 ரூபாய்க்குப் போட்டுவிட்டு ட்ரிப்பை ஜீரோ ஆக்குவது. டேங்கில் ஏற்கெனவே எவ்வளவு கிடந்தது என்று தெரியாமல் போட்ட கணக்கு எப்படிச் சரியாக வரும்? அதேபோல, பெட்ரோல் அளவு காட்டும் மீட்டரில் ஒரு கோடு குறைந்ததிலிருந்து அடுத்த கோடு குறைவது வரை ஓடிய தூரத்தை வைத்தும் கணக்குப் போடக் கூடாது. டேங்க் நேரான டப்பா இல்லை. மேலே அகலம், கீழே குறுகல், நடுவில் ஃபிரேமுக்கு இடம் விட்ட பள்ளம். அதனால் எல்லாக் கோடும் ஒரே அளவு பெட்ரோலைக் காட்டுவதில்லை. மேடு ஏறும்போதும் சைடு ஸ்டாண்டில் நிற்கும்போதும் கோடு மாறும்.

நம்பக்கூடிய வழி ஃபுல் டு ஃபுல்தான். டேங்கை நிரப்பி, ட்ரிப் ஏ-வை (பல வண்டிகளில் ஏ, பி என்று இரண்டு ட்ரிப் இருக்கும்) ஜீரோ ஆக்கி, வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறையும் ஃபுல் செய்யுங்கள். ட்ரிப்பில் 287.4, பங்க் மெஷினில் 5.6 லிட்டர் என்றால், வகுத்தால் 51.3. இங்கே ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. போன தடவை போட்ட லிட்டரால் வகுத்துவிடுவார்கள். வகுக்க வேண்டியது இப்போது போட்ட லிட்டரால்தான், ஏனென்றால் ஓடித் தீர்ந்த பெட்ரோலின் இடத்தைத்தான் இது நிரப்புகிறது.

ஃபுல் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபுல்லாக இருக்க வேண்டும். பங்கில் வண்டியை விட்டு இறங்காமல் மூடியைத் திறக்கிறோம், அல்லது சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்துகிறோம். சாய்ந்த டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஏறி நிற்பதால் நாசில் முன்னதாகவே கட் ஆகும். மேலே சொன்ன கணக்கில் அரை லிட்டர் குறைவாக ஏறியிருந்தால் மைலேஜ் 56-ஐத் தாண்டும். வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லலாம். அடுத்த தடவை அந்த அரை லிட்டர் சேர்ந்து ஏறும்போது எண் விழுந்துவிடும், வண்டிக்கு ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவோம். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அது இல்லாத வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே பங்க், நாசில் முதல் முறை கட் ஆனதுமே நிறுத்தம். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்று விளிம்பு வரை ஏற்ற வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

ஒரு தடவைக் கணக்கை நம்பி முடிவு கட்டாதீர்கள். மூன்று ஃபுல்லாவது பாருங்கள். 287.4-க்கு 5.6, 241.8-க்கு 5.1, 302.6-க்கு 5.8 என்றால், மொத்தம் 831.8 கிலோமீட்டர், 16.5 லிட்டர். சராசரி 50.4. நடுவில் வந்த 47-ஐப் பார்த்துக் கவலைப்பட ஒன்றும் இல்லை, அந்த வாரம் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு நெரிசலிலேயே ஓடியிருக்கலாம்.

அப்புறம், ஜீரோ பட்டனை அழுத்துவதற்கு முன்பே எண்ணைக் குறித்துவிடுங்கள். பங்க் பில்லின் பின்பக்கம் எழுதி பர்ஸில் வைக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நான் எழுதியது இருக்கிறது, லிட்டர் அச்சு மங்கிப் போயிருந்தது. இப்போது சின்ன நோட்டு ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பாட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் ட்ரிப் அழிந்துவிடும், சர்வீசுக்கு விடும் முன்பும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரிப் பி-யை சர்வீஸ் தூரத்துக்கு வைப்பவர்கள், பல மீட்டர்களில் அது 999.9-க்குப் பிறகு மறுபடி ஜீரோவிலிருந்து தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மீட்டரே காட்டும் சராசரி மைலேஜும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்ற எண்ணும் வண்டி உள்ளே போடும் கணக்கு. அதை நம்பிக் கடைசிக் கோடு மினுக்கும்போதும் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் பெரிய தவறு. பெரும்பாலான ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது, அதைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான். அடிக்கடி வறண்டு ஓடினால் பம்புக்குக் கேடு.

கணக்கை எழுதிவருவதன் பலனை என் மைத்துனர் வண்டியில் பார்த்தேன். 49, 50 என்று வந்த எண் தொடர்ந்து மூன்று ஃபுல்லில் 46, 44, 43 என்று இறங்கியது. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. "மச்சான், கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காம ஓட்டிட்டு வந்து வீலைத் தொட்டுப் பாருங்க" என்றேன். தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். முன் சக்கரம் ஜில்லென்று இருந்தது, பின் டிரம்மில் கை வைக்க முடியவில்லை. பிரேக் ஷூ விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் கழற்றித் துருவைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மாட்டினார். அடுத்த ஃபுல்லில் 48, அதற்கடுத்ததில் 50.