பாங்காக்கில் இரண்டே நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கில் வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டால், 6 கிலோமீட்டர் போக டாக்சியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி நின்றுகொண்டே இருக்கும். இரண்டு நாள் பயணம் சொதப்புவதற்குப் பெரும்பாலும் இந்தச் சாலைதான் காரணம். ரயில், படகு, காலை நேரம் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தங்குமிடத்தை விலை பார்த்து மட்டும் பிடிப்பது

"சுகும்வித்தில் ரூம்" என்று விளம்பரத்தில் இருக்கும். சுகும்வித் சாலை பல கிலோமீட்டர் நீளம். சோய் என்றால் கிளைத்தெரு; சோய் 11-ம் அதில்தான், சோய் 101-ம் அதில்தான். சோய் எண்களிலும் ஒரு சிக்கல்: ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம், ஆனால் எதிரெதிரே அடுத்தடுத்த எண்கள் வராது. அதனால் எண்ணை நம்பாமல் வரைபடத்தில் பிடிஎஸ் (மேம்பால ரயில்) அல்லது எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடை தூரத்தைப் பாருங்கள். 500 மீட்டருக்குள் இருந்தால் சரி. முதுகுப்பைப் பயணிகள் தங்கும் காவ் சான் தெருப் பக்கம் மலிவுதான், கலகலப்பும் உண்டு. ஆனால் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. கோயில்கள்தான் முக்கியம் என்றால் சபான் தக்சின் நிலையத்தை ஒட்டித் தங்குவது எங்கள் தேர்வு. மேலே பிடிஎஸ், கீழே சாத்தோன் படகுத்துறை.

பிடிஎஸ் வேறு, எம்ஆர்டி வேறு. பிடிஎஸ்ஸின் பயண அட்டையான ராபிட் கார்டு எம்ஆர்டி நீல வழித்தடத்தில் செல்லாது. எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே கதவில் தட்டிப் போகலாம். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கும்போது

தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் என்றால் இடைத்தரகர் என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள்: கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே தோன் முவாங். மலிவு விலை விமானங்கள் பல தோன் முவாங்கில்தான் இறங்கும். ஒன்றில் இறங்கி மற்றொன்றிலிருந்து கிளம்பும்படி டிக்கெட் எடுத்துவிட்டு, நடுவில் இரண்டு மணி நேரம் போதும் என்று நினைப்பது வினையை விலைக்கு வாங்குவது.

சுவர்ணபூமியில் பணத்தை வருகைத் தளத்திலேயே மாற்றாதீர்கள். நகரத்துக்குப் போகும் ரயில் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கினால் அங்குள்ள கடைகளில் கூடுதலாகக் கிடைக்கும். நம் ரூபாய்க்கு அங்கே நல்ல விலை கிடைப்பது அரிது. கசங்காத 100 டாலர் நோட்டு கொண்டுபோவது மேல். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவுக்குக் கட்டணம் பிடிப்பார்கள். "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதில் விகிதம் மோசமாக இருக்கும்.

அரண்மனையில் செய்யும் தவறுகள்

கிராண்ட் பேலஸ் எனப்படும் அரண்மனைக்கு மதியம் போவது முதல் தவறு. டிக்கெட் காலை 8:30 முதல் மாலை 3:30 வரைதான், விலை 500 பாட். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும்; பளிங்குத் தளம் வெயிலில் சுடும்.

இரண்டாவது, உடை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லா சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தினால் போதும் என்று நினைத்து வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம். சேலை கட்டினாலும் கை வைத்த ரவிக்கையாக இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரிய பொறி. சுற்றுலாப் பயணிகள் உள்ளே நுழையும் வாசல் வடக்கே, நா பிரா லான் சாலையில் இருக்கிறது. சனாம் சாய் எம்ஆர்டியிலிருந்து நடப்பவர்கள் நீண்ட வெள்ளை மதிலை ஒட்டியே போக வேண்டும். வழியில் சட்டை இன் செய்து, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். "இன்று விழா, மதியம்தான் திறப்பார்கள். அதற்குள் 20 பாட் கொடுத்தால் துக்துக் ஆட்டோ நாலு கோயில் காட்டும்" என்பார். நாலு கோயிலுக்கு நடுவே ஒரு நகைக்கடை, ஒரு தையற்கடை. ஆள் கொண்டுவந்து இறக்குவதற்கு ஓட்டுநருக்குக் கமிஷன். "ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்" என்று தலையில் கட்டப்படும் கல்லை வாங்கினவர்களுக்குப் பணம் திரும்பாது. அரச சடங்கு நாட்களில் நிஜமாகவே சில பகுதிகளை மூடுவதுண்டு. முந்தின இரவே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துவிட்டால் தெருவில் யார் என்ன சொன்னாலும் நேராக வாசலுக்குப் போகலாம்.

உள்ளே போனபின் பலர் பொன் தூபியைப் படமெடுத்து, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கோயிலில் மரகத புத்தரைக் கும்பிட்டு, வெளியேறிவிடுகிறார்கள். (சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது, புத்தரை நோக்கிக் காலை நீட்டி உட்காரவும் கூடாது.) கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியங்களாக வலச்சுற்றில் ஓடுகிறது. கதை தெரிந்த நமக்கு வழிகாட்டியே வேண்டாம், ஆனால் திடுக்கிட வைக்கும் இடங்கள் உண்டு. இங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டும்போது கல்லைத் திருட வந்த கடல் கன்னியிடமே மனதைக் கொடுக்கிறார், அவளோ ராவணன் மகள். ராமன் உறங்கும் மண்டபத்தை அனுமன் பேருருவெடுத்து வாய்க்குள் வைத்துக் காவல் காப்பதையும் தேடிப் பாருங்கள். இதற்கே முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம். அதே டிக்கெட்டில் வளாகத்துக்குள் உள்ள ராணி சிரிகிட் துணி அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். ஏசி இருப்பது கூடுதல் புண்ணியம்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் வாட் போ (வாட் என்றால் கோயில்). 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இங்கேதான். பிறகு தா தியென் துறையில் சில பாட் கொடுத்து அக்கரைக்குப் படகேறினால் வாட் அருண். வாட் அருணின் அந்திக்கோலத்தைப் பார்க்க அங்கேயே காத்திருக்காதீர்கள். இக்கரைக்குத் திரும்பினால்தான் கோபுரம் முழுதாகத் தெரியும்.

ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு சாதாரண மக்களுடையது. எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அதுவும் குறைவு. துறையில் நீலக் கொடிச் சுற்றுலாப் படகுக்குத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சிலோம் மாரியம்மன் கோயிலை அரண்மனைக்குப் பக்கம் என்று நினைத்து டாக்சி பிடிக்க வேண்டாம். படகில் சாத்தோன் வந்து, பிடிஎஸ்ஸில் ஒரே நிலையம் தள்ளி சுராசக்கில் இறங்கினால் நடை தூரம். தமிழர்கள் கட்டிய கோயில். உள்ளூரில் வாட் கேக் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

சாப்பாடு

"வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸ் ஊற்றிக் கொடுப்பார்கள். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து உள்ள கடை அதற்கானது. அதில் முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் சேராது. நம்மூர்ச் சுவை வேண்டுமென்றால் சாம் யோட் எம்ஆர்டி அருகே இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுராட் பகுதிக்குப் போங்கள்.

இரண்டாம் நாளைத் திணிப்பது

தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை தென்மேற்கே 100 கிலோமீட்டர், பழைய தலைநகரான அயுத்தயா வடக்கே 80. ஒரே நாளில் இரண்டும் என்று விற்கும் பொதியை வாங்காதீர்கள்; ஒன்றே போதும். மிதக்கும் சந்தை மதியத்தோடு ஓய்ந்துவிடும், ஆக விடியற்காலையில் கிளம்ப வேண்டும். சதுசக் சந்தைக்கு ஆசைப்பட்டால் சனி, ஞாயிறு நகரத்தில் இருக்கும்படி தேதியை அமையுங்கள். கம்பேங் பெட் எம்ஆர்டியில் இறங்கி வெளியே வந்தாலே சந்தைதான்.

திரும்பும் நாள், இரவு விமானம்தானே என்று மாலை 5 மணிக்கு டாக்சி தேடுவதைவிட, பிடிஎஸ்ஸில் பயா தாய் போய் சுவர்ணபூமி ரயிலைப் பிடியுங்கள். அரை மணி நேரப் பயணம், 45 பாட்.