தெரிந்த கதையில் தெரியாத ஆங்கிலம்: பைபிள் கதைகளை வைத்துச் சொற்களும் சொற்றொடர்களும் பழகுவது எப்படி?

ஆங்கிலப் புத்தகம் ஒன்றை ஆசையாக வாங்கி, முதல் பக்கத்திலேயே இருபது தடவை அகராதியைப் புரட்டி, மூன்றாம் நாள் அலமாரியில் தூக்கிப் போட்டவரா நீங்கள்? நானும் அந்தக் கூட்டம்தான், தமிழ்வழியில் படித்தவன். எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றுதான்: தமிழில் நன்றாகத் தெரிந்த கதையை ஆங்கிலத்தில் படிப்பது. அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிவதால் பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தானாகப் பிடிபட்டுவிடும்.

ராமாயணத்தையோ மகாபாரதத்தையோ வைத்தும் பழகலாம். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில், மீறக் கூடாத எல்லை என்ற பொருளில் 'லக்ஷ்மண் ரேகா' சர்வசாதாரணமாக வரும். பூரி ஜகந்நாதரின் தேர், தடுக்க முடியாத பெரும் சக்தி என்ற பொருளில் 'ஜகர்நாட்' என்று ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தில் பெரிய லாரிக்கும் அந்தப் பெயர்தான்! ஆனாலும் ஆங்கிலேயர்கள் தினமும் பேசும் சொற்றொடர்களில் ஏராளமானவை பைபிளிலிருந்து வந்தவை. அதனால் இந்தப் பதிவுக்கு அந்தக் கதைகளையே எடுத்துக்கொள்கிறேன். எந்த மதத்தவரும் இதைச் செய்யலாம். இங்கே நமக்கு வேண்டியது மொழி.

முதல் படி: சரியான பதிப்பு

இங்கேதான் நான் சறுக்கினேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது என்பதற்காக 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆரம்பித்தேன். 'இட் கேம் டு பாஸ்' என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். யாரோ பரீட்சையில் பாஸாகிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 'சம்பவித்தது' என்பதுதான் அதன் பொருள். அப்புறம் விடுப்புக் கடிதத்தில் 'ஐ வென்ட் அன்டூ மை நேட்டிவ் பிளேஸ்' என்று எழுதி, அலுவலகத்தில் ஒரு வாரம் கேலி வாங்கினேன். 'டு' என்று எழுதினால் போதும். 'அன்டூ' இன்று யாரும் எழுதாத சொல்.

ஆகவே தொடக்கத்துக்கு 'குட் நியூஸ் டிரான்ஸ்லேஷன்' மாதிரி எளிய ஆங்கிலப் பதிப்பு ஒன்றை எடுங்கள். அதன் புதிய ஏற்பாடு 1966-இலும் முழு பைபிள் 1976-இலும் வந்தன. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கிங் ஜேம்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கும் வேலை வரும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கதை, மூன்று தடவை

நல்ல சமாரியன் கதையை எடுப்போம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், 30-ஆம் வசனத்திலிருந்து ஆறே வசனம். முதலில் தமிழில் படியுங்கள். பிறகு ஆங்கிலத்தில் வாய்விட்டு, நிறுத்தாமல், அகராதி தொடாமல் படியுங்கள். மூன்றாம் தடவை பென்சிலோடு உட்காருங்கள்.

ஒரு மனிதன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு 'கோயிங் டவுன்', அதாவது இறங்கிப் போகிறான். இதைச் சும்மா எழுதவில்லை. எருசலேம் கடல் மட்டத்துக்குச் சுமார் 750 மீட்டர் மேலே இருக்கிறது. எரிகோ சுமார் 250 மீட்டர் கீழே. நாம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறோம் என்று சொல்வதைப் போலத்தான்.

வழியில் கள்ளர் அவனை 'பீட் ஹிம் அப்' செய்கிறார்கள். வெறும் 'பீட்' என்றால் அடித்தார்கள்; 'அப்' சேர்ந்தால் அடித்துத் துவைத்தார்கள். இந்த ஒட்டுச்சொற்கள்தான் நம்மைப் படுத்தும் இடம். இலக்கண நூலில் பட்டியலாகப் படித்தால் மறுநாளே மறந்துவிடும். குற்றுயிராகக் கிடக்கும் ஒருவன் கண்முன் இருந்தால் மறக்காது. அந்தக் குற்றுயிருக்குத்தான் 'ஹாஃப் டெட்'.

அடுத்து ஓர் ஆசாரியன், அதாவது யூத மதகுரு, வருகிறான், பார்க்கிறான், ஒதுங்கிப் போகிறான். கிங் ஜேம்ஸில் இது 'பாஸ்ட் பை ஆன் தி அதர் சைட்'. பிறர் துன்பத்தைக் கண்டும் காணாமல் போகிறவர்களைச் சொல்ல இன்றும் இதே தொடர்தான்.

கடைசியில் சமாரியன், சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, 'டேக் கேர் ஆஃப் ஹிம்' என்கிறான். நாம் 'டேக் கேர்' என்பதை விடைபெறும்போது மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். 'ஆஃப்' சேர்ந்தால் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாகிவிடும். பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன், கடையைப் பார்த்துக்கொள்கிறேன், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மூன்றாம் படி: நோட்டில் எழுதும் விதம்

தனிச்சொல்லை எழுதாதீர்கள். 'பிட்டி என்றால் இரக்கம்' என்று எழுதி வைத்தால் அதைப் பேச்சில் எப்படிப் பொருத்துவது என்று தெரியாது. 'டுக் பிட்டி ஆன் ஹிம்' என்று கொத்தாக எழுதுங்கள். அதன் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்: பஸ் கண்டக்டர் என்மேல் இரக்கப்பட்டார், அந்த மாதிரி. ஒரு கதைக்கு ஐந்து கொத்து போதும்.

நான்காம் படி: கதை எங்கே சொற்றொடராக மாறியது?

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. நம் ஊரிலேயே பாருங்கள்: விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'குட் சமாரிட்டன்'. உச்ச நீதிமன்றம் 2016-இல் அவர்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் தனிப் பிரிவு சேர்ந்தது.

யோபு 19-ஆம் அதிகாரம், 20-ஆம் வசனம். தமிழ் பைபிளில் 'என் பற்களைமூட கொஞ்சம் தோல்மாத்திரம் தப்பினது' என்று புலம்புகிறான் யோபு. கிங் ஜேம்ஸில் 'வித் தி ஸ்கின் ஆஃப் மை டீத்'. இன்றைய பேச்சில் 'வித்' போய் 'பை' வந்துவிட்டது. 'பை தி ஸ்கின் ஆஃப் மை டீத்' என்றால் மயிரிழையில் தப்பினேன். ரயிலைப் பிடிக்க ஓடி, கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறினால் தாராளமாகச் சொல்லலாம்.

ஏசாயா 40-இல் தேசங்கள் 'ஏற்றச்சாலில் தொங்கும் துளி' போன்றவை என்று வரும். தமிழ் மொழிபெயர்ப்பில் கமலை ஏற்றமே வந்துவிட்டது! ஆங்கிலத்தில் வாளியின் துளி. அதுவே பிறகு 'எ டிராப் இன் தி பக்கெட்' ஆயிற்று. நம் பக்கத்தில் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

லேவியராகமத்தில் மக்களின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் ஆட்டுக்குத் தமிழில் 'போக்காடு' என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்'. வில்லியம் டிண்டேல் 1530-இல் மொழிபெயர்த்தபோது உருவாக்கிய சொல் அது. இன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருடைய தவறுக்கும் திட்டு வாங்குகிறவர்தான் ஸ்கேப்கோட். நமக்குப் பழகிய 'பலிகடா' கிட்டத்தட்ட இதே பொருள்தான். ஆனால் போக்காட்டை வெட்டுவதில்லை, விரட்டிவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. லூக்கா 15-இல் வரும் 'பிராடிகல் சன்' கதை எல்லோருக்கும் தெரியும். மகன் திரும்பி வருகிறான் என்பதால் 'பிராடிகல்' என்றால் திரும்பி வந்தவன் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. அதன் பொருள் ஊதாரி. 'கெட்ட குமாரன்' என்ற தலைப்பில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிடிபடாது. கத்தோலிக்கர்கள் சொல்லும் 'ஊதாரி மைந்தன்' சரியாகக் காட்டிக்கொடுக்கும். அதே கதையில் 'கேம் டு ஹிஸ் சென்ஸஸ்' என்று ஓர் இடம் வரும், புத்தி தெளிந்தான் என்று அர்த்தம். அதையும் ஒரு கொத்தாக எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லிப் பாருங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு, அதே கதையை ஐந்தே வாக்கியத்தில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் பதிவைக் கேட்க உங்களுக்கே சங்கடமாக இருக்கும். பரவாயில்லை, அழிக்காதீர்கள். அடுத்து ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். சின்ன அணி பெரிய அணியை வீழ்த்திய நாளில் 'டேவிட் அண்டு கோலியாத்' கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.

எதில் தொடங்குவது என்று தெரியவில்லையா? யோனாவை எடுங்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் யூனுஸ் நபி என்று கேட்டிருப்பீர்கள். நான்கே அதிகாரம், 48 வசனம். மாலைக்கு ஓர் அதிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். யோனாவை விழுங்கியது 'எ கிரேட் ஃபிஷ்' என்றுதான் கிங் ஜேம்ஸின் யோனா புத்தகத்தில் இருக்கிறது. திமிங்கலம் என்ற சொல்லே கிடையாது. நான்காம் மாலை முடியும்போது கடவுள் யோனாவிடம் ஒரு கேள்வி கேட்பார், புத்தகம் அந்தக் கேள்வியோடேயே முடிந்துவிடும். யோனா என்ன பதில் சொல்லியிருப்பான்? அதை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.