யூரெயில் பாஸ்: முன்பதிவுச் செலவைக் குறைக்க ஒரு வழி

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்ல உதவும் ஒரே பயணச்சீட்டான யூரெயில் பாஸில் பல நகரங்களைப் பார்க்கத் திட்டமிடுவோர், யூரெயிலின் ரெயில் பிளானர் செயலியில் முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்களை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே நகரங்களின் வரிசையை முடிவு செய்யுங்கள்.

பாஸ் பயணக் கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டுகிறது. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ ஆகிய அதிவேக ரயில்களில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒவ்வொருவரும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனிக்குள் ஓடும் ஐசிஇ அதிவேக ரயில், ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட், சுவிட்சர்லாந்தின் சாதாரண ரயில்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் பாஸே போதும் என்பதால், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, சூரிச் போன்ற நகரங்களை மையமாக வைத்தால் அந்தச் செலவு ஏறக்குறைய மறைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் கூரிலிருந்து இத்தாலியின் டிரானோவுக்கு ஆல்ப்ஸ் மலை வழியே செல்லும் சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு கட்டாயம். ஆனால் அதே கூர்–டிரானோ தடத்தில் வட்டார ரயில்களில் மாறிச் சென்றால், அதே மலைக்காட்சியைக் கூடுதல் கட்டணமின்றிக் காணலாம், இதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

லண்டன் செல்லும் யூரோஸ்டாருக்கும் இரவு ரயில்களின் படுக்கைக்கும் இந்த வழி பொருந்தாது. நாட்கள் குறைவாக இருப்போருக்கும் இது உதவாது: ஃபுளோரன்ஸிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிட, வட்டார ரயிலுக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆகும்.