பூச்சிமருந்து உட்கொண்டவரைப் பராமரித்தல்: தோட்டப்புறத் தாதியருக்கு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட் போன்ற ஊரில், நஞ்சு உட்கொண்டவரை அழைத்துவரும் குடும்பத்தாரிடம் தாதி முதலில் கேட்க வேண்டியது மருந்துப் போத்தலை. மருந்து வேறு போத்தலில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தால், ஸ்டோரில் உள்ள மூல டின்னின் லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர் ஆலோசனை கேட்கையில் அந்த விவரம் கையில் இருக்க வேண்டும். போலீசுக்கு அஞ்சி உண்மையை மறைப்பவர்களிடம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

உப்புநீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது இன்றும் நடக்கிறது. அது நஞ்சை நுரையீரலுக்குள் தள்ளிவிடக்கூடும் என்பதால், தோட்டத்து மக்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் நம் கடமையே. நினைவு மங்கியவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, கையுறையும் ஏப்ரனும் அணிந்து, நனைந்த உடைகளை அகற்றி, தோலையும் தலைமுடியையும் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, நெஞ்சில் சளி கொர்கொர்த்து, நாடித்துடிப்பு குறைந்திருந்தால், அது ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தாக இருக்கலாம். மருத்துவர் அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சொலி, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நெஞ்சு தெளிவதும், நாடி 80-க்கு மேல் நிலைப்பதும், மேல் இரத்த அழுத்தம் 80-ஐத் தாண்டுவதுமே இலக்கு; கண்மணி விரிவதை மட்டும் நம்பக்கூடாது. நோயாளி பிதற்றி, உடல் கொதித்து, குடலோசை அடங்கி, சிறுநீர் கட்டிக்கொண்டால், அட்ரோபின் மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

எல்லா நஞ்சுக்கும் ஒரே பராமரிப்பு பொருந்தாது. ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தைக் குடித்தவருக்கு, நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூள் கூடாது, வயிற்றுக்குள் குழாயைக் கண்மூடித்தனமாகச் செலுத்தவும் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தாலும், பழைய சரக்கு எங்காவது கிடக்கலாம்; அதை உட்கொண்டவருக்கு, இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலொழிய ஆக்சிஜன் கொடுப்பது நுரையீரல் சேதத்தைக் கூட்டும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் முகமூடியை மாட்டாதீர்கள்.

நான் மிகவும் அஞ்சுவது, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்தவர் தேறிவிட்டார் என்று எல்லாரும் ஆறுதலடையும் இரண்டாம், மூன்றாம் நாளைத்தான். முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லையென்றால், மூச்சுத் திணறும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவரை அழையுங்கள்.

தானே குடித்தவரைத் தனியே விடாதீர்கள். ஏன் செய்தாய் என்று அதட்டாமல், அவர் பேசும்போது அருகில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுக்கு அனுப்புமுன் மனநல மருத்துவர் அவரைப் பார்த்திருக்க வேண்டும்; வீட்டில் மீதமிருக்கும் மருந்தை அப்புறப்படுத்தியாயிற்றா என்றும், தோட்டத்து மருந்து ஸ்டோரின் சாவி யார் பொறுப்பில் இருக்கிறது என்றும் குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.